உம்மாவுக்கு ஹோலில் ஒரு கதிரை



நீளமான பதிவு. ஏச நினைக்கிறவர்களும் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

நம்ம ஊர் வட்ஸ்அப் குறூப்புகளில் ஒரு வகை வாய்ஸ் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை சுற்றி வரும். பேசுகிறவர் மாறுவார், பேச்சு மாறாது. "கபுறுக்குப் போற வயசில நம்மட கிழவிமார் டீவிக்கு முன்னால கிடக்குறாங்க, தஸ்பீஹ் இருக்க வேண்டிய கையில ரிமோட் இரிக்கி" என்று தொடங்கும். கீழே வரிசையாக 'சரியான பேச்சு', 'எல்லா உம்மாமாரும் கேட்க வேண்டியது' என்று வரும். இதைப் போடுகிறவர்களின் கையில் இருப்பதும் ஒரு திரைதான். உம்மாவின் திரை ஹோல் சுவரில் எல்லாரும் பார்க்கத் தொங்குகிறது. நம்முடைய திரை சட்டைப்பைக்குள் இருக்கிறது. அதனால் பயான் முழுக்க உம்மாவுக்குத்தான்.

நான் மௌலவி இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். படம் பார்ப்பது கூடுமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. கூடாது என்று உண்மையாக நம்புகிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்களுக்கும் கீழே ஒரு பத்தி இருக்கிறது.

எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்று வரை 40 வருடத்துக்கு மேலாக நாம் இந்தப் பெட்டியைப் பற்றிச் சண்டை பிடிக்கிறோம். டெக் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் வைத்து, விடியவிடிய கெசட் போட்ட காலத்தில் சண்டை. 1993இல் சன் டீவி வந்து, பிறகு கூரைகளில் டிஷ் முளைத்தபோது சண்டை. 1998இல் சக்தி வந்தபோதும் சண்டை. இப்போது யூடியூப். இத்தனை சண்டையிலும் நாம் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. அந்தப் பெட்டிக்கு முன்னால் வயது போன மனுஷி ஏன் தனியாக இருக்கிறா? அவவோடு யார் இருக்கிறார்கள்?

கேள்வி சின்னதாகத் தெரியும். பதில் நம்முடைய வீட்டுக் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

நம்ம கிழக்கில் வீடு பெண்ணுடையது. தாயும் தகப்பனும் ஆயுள் முழுக்க உழைத்து ஒரு வீட்டைக் கட்டி மூத்த மகளுக்குக் கொடுப்பார்கள். அடுத்த மகளுக்கு அதே வளவில் இன்னொரு அத்திவாரம் போடுவார்கள். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். வீட்டைக் கொடுத்தவர்கள் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போவார்கள். முதலில் பின்னறை, பிறகு குசினியோடு ஒட்டி இறக்கிய சின்ன அறை. காத்தான்குடியிலும் இதுதான், ஏறாவூரிலும் இதுதான், ஓட்டமாவடி வாழைச்சேனையிலும் இதுதான். வாவிக்கரையின் தமிழ் ஊர்களிலும் ஏறத்தாழ இதே முறைதான்.

இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. மகள் தாயை விட்டுப் பிரிவதில்லை, பேரப்பிள்ளைகள் உம்மம்மாவின் கையில் வளர்கிறார்கள். வேறு பல ஊர்களில் கிடைக்காத பாக்கியம் இது. ஆனால் இதற்குள் ஒரு மூலை இருட்டாக இருக்கிறது. மருமகனுக்கும் மாமிக்கும் இடையில் ஒரு மரியாதை, ஒரு வெட்கம் உண்டு. மருமகன் ஹோலில் இருந்தால் மாமி முக்காட்டை இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவா. யாரும் யாரையும் விரட்டுவதில்லை. ஆனால் டீவி இருப்பது ஹோலில்.

ஆகவே நடப்பது இதுதான். மருமகன் இரவு வேலையால் வந்து, சாரனை மாற்றி, ரிமோட்டை எடுக்கிறார். அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லுக்கும் காசு கொடுத்த மனுஷி குசினிக் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு படம் பார்க்கிறா. "இருங்க மாமி" என்று அவர் சொன்னால், "இல்ல மருமகன், அடுப்புல வேல இரிக்கி" என்று பதில் வரும். அடுப்பு அணைந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும்.

கலியாணம் முடித்த ஒவ்வொரு ஆணும் இந்தக் காட்சியில் இரண்டு தடவை வருகிறான். ஒரு வீட்டில் அவன் மருமகன், அவனுக்காக மாமி எழும்பிப் போகிறா. இன்னொரு வீட்டில் அவன் மகன், அங்கே மச்சானுக்காக அவனுடைய உம்மா எழும்பிப் போகிறா. "எங்கட உம்மாவுக்கு ராத்தா வீட்டில இருக்க இடமில்ல" என்று கடையடியில் நின்று கவலைப்படுகிறவன், தான் குடியிருக்கும் வீட்டில் மாமியின் கதிரை எங்கே கிடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது சீரியல். 'உம்மா சீரியலுக்கு அடிமை' என்று சிரிப்புப் படம் போடுகிறோம். அந்த நாடகங்களை நானும் விரும்பவில்லை. மாமியும் மருமகளும் ஒருத்திக்கு ஒருத்தி நஞ்சு வைப்பதுதான் கதை. ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். சீரியல் ஒவ்வொரு நாளும் சொன்ன நேரத்துக்கு வருகிறது. மழையிலும் வருகிறது, பெருநாளிலும் வருகிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் உம்மாவைப் பார்க்கச் சொன்ன நேரத்துக்கு ஒவ்வொரு நாளும் போகிறோம்? கட்டாரில் இருக்கும் தம்பி 43 இஞ்சி டீவி வாங்க காசு அனுப்புகிறான். சவூதியில் இருக்கும் காக்கா நல்ல போன் அனுப்புகிறார். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்தான், அவர்களால் அனுப்பக் கூடியது அதுதான். ஊரில் இருக்கும் நாமும் காசு கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போனால், உம்மாவோடு மிச்சம் இருப்பது அந்த நஞ்சு வைக்கிற மருமகள் மட்டும்தான்.

இது ஒரு சில வீட்டின் கதை என்று நினைக்க வேண்டாம். 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பிலேயே இந்த நாட்டில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். அதற்குப் பிறகு அந்தப் பங்கு கூடித்தான் இருக்கிறது. வாப்பாமார் முந்திப் போய்விட, உம்மாமார் தனியாக நிற்கும் வீடுகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன.

மார்க்கம் பேசுகிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன், நீங்கள் அறிந்ததுதான். ஒரு பெருநாளில் அபீசீனியர்கள் பள்ளிவாயலில் ஈட்டி விளையாட்டுக் காட்டினார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் பார்க்க விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் அவர்களை மறைத்துக்கொண்டு, ஆயிஷா (ரலி) தாமே போதும் என்று விலகும் வரைக்கும் நின்றுகொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. இதை வைத்து நான் சினிமாவை ஹலாலாக்க வரவில்லை, அந்த வாதத்துக்கு என்னை இழுக்காதீர்கள். நான் பார்ப்பது அந்த நிற்பதை மட்டும்தான். அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்தவர், இன்னொருவரின் ஆசை தீரும் மட்டும் அவசரப்படாமல் பக்கத்தில் நின்றார். நாமோ உம்மாவின் பக்கத்தில் பத்து நிமிடம் இருந்தால் எட்டு நிமிடம் போனைப் பார்க்கிறோம். வயது போன பெற்றோரிடம் முகம் சுளிக்கும் ஒரு சொல்லைக்கூடச் சொல்லாதே என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் 23ஆம் வசனம் தடுத்திருக்கிறது. 'கிழவி', 'கபுறுக்குப் போற வயசு' என்பதெல்லாம் எந்தக் கணக்கில் வரும்?

இப்போது படம் கூடாது என்பவர்களுக்கான பத்தி. உங்கள் வீட்டில் டீவியை நிறுத்துகிறீர்களா? நிறுத்துங்கள். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலம் உம்மாவுக்கு வெறுமையாகக் கிடக்கும். அதை நிரப்ப நீங்கள் உட்கார வேண்டும். ஹதீஸ் வாசித்துக் காட்டுங்கள், பழைய கதை கேளுங்கள், கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். பெட்டியை மட்டும் அணைத்துவிட்டுப் பள்ளிக்குப் போய், அங்கிருந்து கடைக்குப் போய், பத்தரைக்கு வீட்டுக்கு வருகிறவர் உம்மாவின் ஈமானைக் காப்பாற்றவில்லை. அவவைத் தனியாக விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது: உம்மாவோடு உட்கார்ந்து படம் பாருங்கள். 'பார்க்க விடுங்கள்' என்று சொல்லவில்லை, பக்கத்தில் இருந்து பாருங்கள் என்கிறேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு நல்ல படம் வயது போனவர்களின் வாயைத் திறக்கும். கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு. பிள்ளையிடம் 'உன் அனுபவத்தைச் சொல்' என்றால் சொல்லாது. ஒரு படத்தைக் காட்டி, இடையில் நிறுத்தி, 'இவன் ஏன் இப்படிச் செய்தான்?' என்று கேட்டால் தன் கதையைச் சொல்லும். இது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விதி அல்ல.

பாலு மகேந்திராவை உங்களுக்குத் தெரியும். மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939இல் பிறந்தவர், நம்ம வாவிக்கரைப் பிள்ளை. 2014இல் காலமானார். அவர் எடுத்த 'வீடு' 1988இல் வந்த படம். கதை இவ்வளவுதான்: வேலைக்குப் போகும் ஒரு பெண், சம்பளத்தையும் கடனையும் வைத்து ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள். சண்டை இல்லை, பாட்டு இல்லை. தன் சின்ன வயதில் தாய் வீடு கட்டப் பட்ட பாட்டின் நினைவில் இருந்துதான் அந்தப் படம் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தப் படத்தை என் உம்மாவோடு பார்த்தேன். உம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ராத்தாவோடு இருக்கிறா. ஒரு போயா நாள் பின்னேரம், மச்சான் வெளியூர் போயிருந்தார். 'பாட்டு இல்லாத படமா?' என்று உம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. அத்திவாரம் வெட்டத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தா. வேலையைப் பொறுப்பெடுத்த ஆள் சீமெந்தில் களவு செய்வது படத்தில் தெரிய வருவதற்கு முன்பே உம்மா கண்டுபிடித்துவிட்டா. "இவன் சீமெந்துல கைய வெச்சிட்டான் மனே, அவன்ட முழியப் பாரு" என்றா. கம்பி விலை, கல்லு விலை, தட்டுக்குப் பலகை, எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வந்தது. சினிமா படித்தவர்கள் அந்தப் படத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஒரு சாக்குச் சீமெந்தை எண்ணி எண்ணி இறக்கிய மனுஷிக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரியாது.

நான் படத்தை நிறுத்தி, "உம்மா, இந்த வீட்ட எப்பிடிக் கட்டின நீங்க?" என்று கேட்டேன். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கிடுகு வீட்டின் கூரை போனது, ராத்தாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒண்டியது, பிறகு கல்வீடுதான் என்று பிடிவாதம் பிடித்தது, கம்பிக்குக் காசு இல்லாமல் தன் ஒரு சோடிக் காப்பை விற்றது, அதை வாப்பாவுக்கும் பல மாதம் சொல்லாமல் மறைத்தது, எல்லாம் வந்தது. அந்தக் காப்புக் கதை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்குள்ளேயே வாழும் ராத்தாவுக்கும் தெரியாது. வெறுமனே கேட்டிருந்தால் "என்னத்தச் சொல்ல மனே" என்று முடிந்திருக்கும்.

பாலு மகேந்திராவின் அடுத்த படம் 'சந்தியா ராகம்', 1989. மனைவியை இழந்த ஒரு கிழவர் கிராமத்தை விட்டுப் பட்டணத்துக்கு, சகோதரன் மகனின் வீட்டுக்கு வருகிறார். அந்த வீட்டில் கெட்டவர்கள் யாரும் இல்லை. இருப்பது காசு நெருக்கடியும் இட நெருக்கடியும்தான். அது போதுமாக இருக்கிறது, அவர் தன்னை ஒரு பாரமாக உணர. மருமகன்மார் இதைப் பார்க்க வேண்டும். யாரும் கெட்டவர்களாக இல்லாத வீட்டிலும் ஒரு வயது போனவருக்கு இருக்க இடமில்லாமல் போகும் என்று அப்போது விளங்கும்.

பழைய படங்களையும் தள்ளாதீர்கள். நம்ம உம்மாமார் பலர் மட்டக்களப்பு டவுனில் தியேட்டர் வாசல் மிதித்ததே இல்லை. அவர்கள் படத்தைக் காதால் பார்த்தவர்கள். இலங்கை வானொலியில் பாட்டாகவும் ஒலிச்சித்திரமாகவும் கேட்டவர்கள். பி.எச். அப்துல் ஹமீதின் குரலைக் கேட்டால் இன்றும் வேலையை விட்டு நிற்பார்கள். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'பாவ மன்னிப்பு' (1961) போன்றவற்றின் வசனம் காதில் இருக்கிறது, காட்சி கண்ணில் இல்லை. அறுபது வருடத்துக்குப் பிறகு அந்தக் காட்சியைக் காட்ட உங்கள் கையில் இருக்கும் போன் போதும்.

ஈரான் படம் 'சில்ட்ரன் ஒப் ஹெவன்' (1997) ஒன்று இருக்கிறது, மஜீத் மஜீதி எடுத்தது. தங்கச்சியின் சப்பாத்தைத் தொலைத்த காக்காவும் தங்கச்சியும் ஒரே சப்பாத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பள்ளிக்கூடம் போகும் கதை. பாஷை விளங்காது, கீழே ஓடும் எழுத்தை உம்மாவால் வாசிக்க முடியாது. நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். அல்லது அதையே தமிழில் எடுத்த 'அக்கா குருவி' (2022) இருக்கிறது.

எதைப் போடக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். இப்போது வரும் பெரிய படங்களில் ஆரம்பம் முதல் முடிவு வரை துவக்குச் சூடு. நமக்கு அது விசில் அடிக்கிற விஷயம். அந்தச் சத்தத்துக்கு உம்மா எழும்பிப் போனால் 'கிழவிக்கு ரசனை இல்லை' என்று சிரிக்காதீர்கள். 1990 ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாயல்களில் கேட்ட சத்தம் அது. அதே மாதம் ஏறாவூரில் கேட்ட சத்தம் அது. செப்டம்பர் 9 சத்துருக்கொண்டானில் தமிழ்த் தாய்மார் கேட்டதும் அதுதான். இந்த வாவியைச் சுற்றி வயது போன எந்த மனுஷிக்கும் துவக்குச் சத்தம் படத்தில் வருகிற சத்தம் மட்டும் இல்லை. ஸ்பீக்கரைக் கூட்டி வைத்து அதை அவர்களின் காதில் ஊற்றுவது பெரிய அநியாயம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம்.

உம்மாவுக்கு, மாமிக்கு, ஹோலில் ஒரு கதிரையை நிரந்தரமாக வையுங்கள். கைபிடி உள்ள, முழங்கால் நோகாத உயரக் கதிரை. கதவுப் பக்கம் வேண்டாம், டீவிக்கு நேரே வையுங்கள். மருமகன் இருக்கும்போது வர வெட்கப்பட்டால், வாரத்தில் ஒரு இரவு ஹோலை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். இஷாவுக்குப் பிறகு நீங்கள் உங்கள் உம்மா வீட்டுக்குப் போங்கள், மாமியின் மகன் இங்கே வரட்டும். மருமகன்மார் ஆளுக்கு ஓர் இரவு வீட்டை மாற்றிக்கொண்டால் இரண்டு வீட்டு உம்மாமாரும் ஹோலுக்கு வந்துவிடுவார்கள்.

ஒரே இருப்பில் முழுப் படத்தையும் பார்க்க வைக்காதீர்கள். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். பாத்ரூம் போக வேண்டும், மருந்து போட வேண்டும், தொழ வேண்டும். சென்னைத் தமிழ் வேகமாக ஓடினால் அவர்களுக்குப் பாதி விளங்காது, நிறுத்திச் சொல்லுங்கள். "இவன் ஆர்ட மகன்?" என்று நாலு தடவை கேட்டால் நாலு தடவையும் சொல்லுங்கள். நம்முடைய சின்ன வயதில் நாம் கேட்ட கேள்விகளை அவர்கள் எண்ணி வைக்கவில்லை. படத்தை அவர்களே தெரிவு செய்யட்டும். உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் போனை எடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார் கோல் எடுக்கும்போது "சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா" என்பதோடு நிறுத்தாமல், "நேத்து என்ன படம் பாத்தீங்க, மறுகா என்ன நடந்த?" என்று கேளுங்கள். அஞ்சு நிமிடக் கோல் அரை மணித்தியாலம் போகும்.

'இதெல்லாம் படத்தைப் பரப்புகிற வேலை, வாத்தியார் பிள்ளைகளுக்கு இதையா சொல்லிக் கொடுக்கிறார்' என்று ஒரு கொமன்ட் வரும். வரட்டும். என் வகுப்பில் உள்ள பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கட உம்மம்மாவுக்கு எந்தப் படம் பிடிக்கும்? பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது. உம்மம்மா சமைப்பதில் எது பிடிக்கும் என்று கேட்டால் எல்லாரும் கை உயர்த்துகிறார்கள்.

ஏச வருகிறவர்கள் ஏசுங்கள். அதற்கு முதல் போனை வைத்துவிட்டுக் குசினிக் கதவடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே யாராவது நின்றுகொண்டிருந்தால், கதிரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து ஏசுங்கள்.